புகையும் பொறுப்பும்

ஊர்ப் பொதுக்கிணற்றில் ஒருவர் இட்ட அழுக்கை ஊரார் அனைவரும் பருக நேர்தல் போல, எவர் எரித்த நிலக்கரியின் புகையாயினும் யாவர்க்கும் பொதுவாகிய வானிலேயே சென்று சேர்கின்றது. அதனைக் குறைத்தல் வேண்டுமென்பதில் அறிஞர் ஐயுறார். முன்னர்க் குறைக்கக் கடவார் யாவர் என்பதே வழக்கு.

இவ்வழக்கில் நம் நாட்டின் கட்சி வலியுடையதே. நூற்றைம்பது ஆண்டுகட்கு மேலாக நிலக்கரியால் செல்வம் திரட்டிய நாடுகள் வேறு. நேற்று விளக்கேற்றிய நாடுகள் வேறு. இன்றும் அமெரிக்கர் ஒருவர் கணக்கில் ஆண்டுதோறும் எழும் கரியமிலவாயு ஏறத்தாழ 14 டன். இந்தியர் ஒருவர் கணக்கிலோ ஏறத்தாழ 2 டன்னே. ஆதலின், 1992-ஆம் ஆண்டு உலக நாடுகள் செய்த உடன்படிக்கை, பொறுப்பு அனைவர்க்கும் பொதுவாயினும் அளவால் வேறுபடும் என்று வகுத்தது. 1997-இல் கியோட்டோவில் எழுந்த ஒப்பந்தம் செல்வ நாடுகட்கே வரம்பிட்டது. அமெரிக்கா அதனை உறுதி செய்யாதொழிந்தது. 2015-இல் பாரிஸ் நகரில், ஒவ்வொரு நாடும் தன் அளவைத் தானே குறித்தல் வேண்டுமென இசைந்தனர். 2070-க்குள் நிகர வெளியீட்டைச் சுழியாக்குவதாக நம் நாடு 2021-இல் கிளாஸ்கோவில் வாக்களித்தது.

இவை யாவும் நியாயமே. ஆயினும், மயிலாப்பூரிலும் அடையாற்றிலும் தியாகராய நகரிலும் வசதியுடன் வாழும் நாம் அவ்விரண்டு டன் கணக்கில் ஒளிந்துகொள்ளல் தகுமோ? இரவெல்லாம் குளிர்சாதனம் இயக்குவோரையும், ஒற்றை விளக்கும் ஒரு விசிறியுமே உடையோரையும் கூட்டி வகுத்து வந்த எண் அது. நம் எண் அன்று. நிலக்கரியால் ஒரு யூனிட் மின்சாரம் எடுக்க ஏறக்குறைய 1 கிலோ கரியமிலவாயு எழுகின்றது. நம் அறைகளைக் குளிர்விக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதி வடசென்னை அனல்மின் நிலையத்திலே பிறப்பது. குளிர் நமக்கும், சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்து மீனவர்க்குமாகப் பங்கு பிரிந்துள்ளது. அமெரிக்காவை நோக்கி நம் நாடு எழுப்பும் வினாவையே எண்ணூர் நம்மை நோக்கி எழுப்புமாயின், நாம் யாது விடை பகர்வோம்?

வழி இல்லாமல் இல்லை. மாம்பலம் வழியே 1931 முதல் மின்சார இரயில் ஓடுகின்றது. மயிலைக்கு 1997-இல் பறக்கும் இரயில் வந்தது. பாண்டி பஜாரில் 2019-இல் நடப்போர்க்கெனப் பாதை அகன்றது. பலர் ஒருங்கு செல்லும் வண்டியில் ஒருவர் பங்கிற்கு எழும் புகை சிறிது. ஆயினும் ஏறுவார் ஏறினாலன்றோ இரயிலாற் பயன்? நடப்பார் நடந்தாலன்றோ பாதையாற் பயன்?

நாம் குறைப்பதனால் செல்வ நாடுகளின் கடன் தீராது. ஆனால் அக்கடனைக் கேட்கும் நம் குரல் வலுப்பெறும். பிறரிடம் நீதி வேண்டுவோர், தம் வாயிலில் வந்து அதனை வேண்டுவோர்க்கும் கதவு திறத்தல் வேண்டுமன்றோ?