பேசாத போனும் களைத்துப் போகும்

கடையநல்லூருக்கு மேற்கே மலை சுவர் மாதிரி எழும்பி நிற்கிறது. கருப்பாநதி அணைப் பக்கம் அதன் அடிவாரத்தில் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் வைத்திருப்பவர்களுக்கு ராத்திரிக் காவல் விளையாட்டுக் காரியம் இல்லை. யானை இறங்கினால், பிள்ளை மாதிரி வளர்த்த தென்னை ஒரே இரவில் சாய்ந்து கிடக்கும். காவலுக்குப் போகிறவர்கள் கையில் ஒரு டார்ச், சட்டைப் பையில் ஒரு போன். யானை வந்தால் பக்கத்துத் தோப்புக்காரருக்கும் வனத்துறைக்கும் சொல்ல அந்த போன்தான் வழி.

அப்படிக் காவலுக்குப் போகும் பெரியவர் ஒருவருக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம். வீட்டில் இருந்தால் ஒரு நாள் முழுக்க நிற்கும் சார்ஜ், தோப்புக்குப் போனால் விடியும் முன்பே தீர்ந்துவிடுகிறது. "நான் யாருகிட்டயும் பேசவே இல்லியேடே, சார்ஜ் எங்க போச்சு?" என்று பேரனிடம் கேட்டார். "நீங்க பேசல தாத்தா. அது ராத்திரி பூரா டவரைத் தேடிக்கிட்டே கெடந்திருக்கு" என்றான் அவன்.

பேரன் சொன்னது சரிதான். டவர் பக்கத்தில் இருந்தால் போன் மெதுவாகப் பேசினாலே போதும். தள்ளிப் போகப் போக, சத்தத்தைக் கூட்ட வேண்டும். சிக்னல் அடியோடு விட்டுப்போனால் நிலைமை இன்னும் மோசம். ஒவ்வொரு அலைவரிசையாகத் தட்டிப் பார்த்து, கிடைக்கவில்லை என்றால் சிறிது நேரம் விட்டு மறுபடி முதலில் இருந்து ஆரம்பிக்கும். சிக்னல் ஒரு கோடு வந்து வந்து மறையும் இடத்திலும் இதே கதை. பிடிப்பதும் விடுவதுமாகவே பேட்டரி கரையும்.

இந்தத் தொல்லைக்கு வானத்தில் இருந்து ஒரு விடை வந்துகொண்டிருக்கிறது. டவர் எட்டாத இடத்தில் சாதாரண போனே செயற்கைக்கோளுடன் நேரடியாகப் பேசும் ஏற்பாடு அது. 2022-ல் ஐபோன் 14 அவசரச் செய்தி அனுப்பும் வசதியாக அமெரிக்காவிலும் கனடாவிலும் இதைத் தொடங்கியது. 2025 டிசம்பர் 24 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நம் இஸ்ரோவின் எல்விஎம்-3 ராக்கெட் தூக்கிச் சென்ற அமெரிக்க நிறுவனத்தின் புளூபேர்ட் செயற்கைக்கோளும் இதே வேலைக்கானதுதான். அதன் ஆன்டெனாவின் பரப்பு 223 சதுர மீட்டர். சென்னைக்காரர் கணக்கில் ஒரு கிரவுண்ட், கடையநல்லூர்க் கணக்கில் ஐந்தரை சென்ட்!

அவ்வளவு பெரிய காது எதற்கு? 4ஜி போன் அதிகபட்சமாக வெளியிடும் சக்தி 0.2 வாட் அளவுதான். சில கிலோமீட்டரில் இருக்கும் டவருக்கே அது திணறும்போது, 500 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பவருக்கு எப்படிக் கேட்கும்? போன் கத்த முடியாததால், மேலே இருப்பவர் காதைப் பெரிதாக்கிக்கொள்கிறார்.

ஆனாலும் ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. டவர் இருந்த இடத்திலேயே நிற்கும். தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோளோ மணிக்கு சுமார் 27,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஒன்று தலைக்கு மேல் தென்படுவது சில நிமிடங்கள்தான். அது போனதும் அடுத்ததைப் பிடிக்க வேண்டும். நடுவில் 'கீழே டவர் வந்துவிட்டதா?' என்றும் பார்த்துக்கொண்டே இருந்தால், தோப்பில் நடந்த கூத்தே இங்கும் நடக்கும்.

உலகம் முழுவதற்கும் செல்போன் விதிமுறைகளை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு இதற்காகச் சில வழிகளைச் சேர்த்திருக்கிறது. செயற்கைக்கோள் தன் பாதையைத் தானே போனுக்குச் சொல்லிவிடும். இந்தப் பகுதிக்கு எத்தனை மணி வரை சேவை தருவேன் என்பதையும் அறிவிக்க முடியும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்தவர் அதுவரை திண்ணையில் கண் அசரலாம் அல்லவா? போனும் அப்படித்தான். நேரம் நெருங்கும்போது மட்டும் எழுந்து அடுத்ததைத் தேடினால் போதும். அதைவிட அழகான இன்னொரு ஏற்பாடும் பின்னர் வந்தது. கீழே எந்தெந்த வட்டாரத்தில் டவர் இருக்கிறது என்ற விவரத்தையும் மேலிருந்தே சொல்லலாம். தான் நிற்கும் இடம் அந்த வட்டத்துக்கு வெளியே என்று தெரிந்தால், போன் டவரைத் தேடும் வீண் வேலையை விட்டுவிடும்.

இது வெறும் சார்ஜ் விஷயம் இல்லை என்பதைத் தென்கோடிக் கடற்கரை நன்றாக அறியும். 2017 நவம்பர் 30 அன்று கன்னியாகுமரிக்கு அருகே ஒக்கி புயல் கடந்தபோது, ஆழ்கடலில் இருந்த மீனவர்களுக்குச் செய்தி சொல்ல வழியில்லை. கரையைத் தாண்டிச் சில கிலோமீட்டரிலேயே செல்போன் சிக்னல் முடிந்துவிடுகிறது. பலர் வீடு திரும்பவே இல்லை. அதன்பின் 2019-ல் செயற்கைக்கோள் வழியே எச்சரிக்கையைப் பெற்று புளூடூத் மூலம் போனுக்குத் தரும் 'ஜெமினி' கருவி வந்தது. ஆனால் அது ஒருவழிப் பாதை. படகிலிருந்து பதில் சொல்ல முடியாது. 2024-ல் இருவழியிலும் செய்தி போய்வரும் டிரான்ஸ்பாண்டர்களை 1 லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டத்தை மத்திய அரசு தொடங்கியது. அங்கும் கடைசியில் செய்தியைப் படிப்பது பெரும்பாலும் சட்டைப் பையில் இருக்கும் போனில்தான். அது உயிரோடு இருக்க வேண்டும்.

சிலர் வளைகுடாவிலிருந்து வரும் பிள்ளைகளிடம் 'சாட்டிலைட் போன் ஒன்று வாங்கி வா' என்று சொல்வதுண்டு. அது வேண்டாம். துராயா, இரிடியம் போன்ற சாட்டிலைட் போன்களை அனுமதியின்றி இந்தியாவுக்குள் கொண்டுவருவது சட்டப்படி குற்றம். விமான நிலையத்திலேயே கைதாக நேரிடும்.

அதுவரை, செயற்கைக்கோளுக்காக வகுத்த அதே யோசனையைச் சாதாரண போனிலும் செய்யலாம். சிக்னலே இல்லாத இடம் என்று தெரிந்தால் ஏரோப்ளேன் மோடு. சிக்னல் வந்து வந்து போகும் இடம் என்றால், 5ஜியை நிறுத்தி 4ஜியில் வைப்பது ஓரளவு உதவும். ஏரோப்ளேன் மோடில் வீட்டிலிருந்து வரும் அழைப்பும் கிடைக்காது. அதனால் 'மணிக்கு ஒரு தடவை, ஐந்து நிமிடம் திறந்து வைப்பேன்' என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அந்த ஐந்து நிமிடத்தில் மேடான, வெட்டவெளியான இடத்தில் நிற்பது நல்லது. ஆபத்தில் 112-ஐ அழைத்தால், சொந்த நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் பக்கத்தில் வேறு நிறுவனத்தின் டவர் இருந்தால் அதன் வழியாக அழைப்பு போகும். அந்த ஒரு அழைப்புக்குப் பேட்டரியில் கொஞ்சம் மிச்சம் இருந்தால் போதும்.