பிடிலுக்குள் ஒரு சீட்டு

தாத்தாவின் பிடில் பரணிலிருந்து இறங்கிய அன்று, பெரியப்பாதான் டார்ச் அடித்துப் பார்த்தார். எஃப் வடிவத் துளைக்குள் பழுப்பேறிய சீட்டு ஒன்று தெரிந்தது. இலத்தீனில் அந்தோனியஸ் ஸ்ட்ராடிவாரியஸ், கிரெமோனா, 1721. “டேய், இதை வித்தா மயிலாப்பூர்ல ஒரு தெருவையே வாங்கலாம்!”

எனக்கும் சபலம் தட்டியது, மறைப்பானேன். பேர்போன வயலின் ஆசாரி ஸ்ட்ராடிவாரி இறந்தது 1737இல். வருஷம் பொருந்துகிறது. அவர் கைபட்டதில் சுமார் 650 வாத்தியங்கள் இன்றும் இருக்கின்றன. அதில் ஒன்று மூர் மார்க்கெட் வழியாக எங்கள் பரணுக்கு வந்திருக்கக் கூடாதா?

ரிப்பேர்க்காரர் சீட்டைப் பார்க்கவேயில்லை. மேல்பலகை ஓரத்தில் பசை விட்டிருந்தது. மெல்லிய கத்தியை நுழைத்து அதைக் கழற்றினார். உள்ளே மூலைகளில் வைக்க வேண்டிய கட்டைகள் இல்லை. மந்தரத் தந்திக்கு அடியில் தனியாக ஒட்ட வேண்டிய பட்டையைப் பலகையிலேயே செதுக்கி விட்டிருந்தார்கள். உளித் தடம் அப்படியே இருந்தது. “கண்ணுக்குத் தெரியாத இடத்துல அவசரப்பட்டிருக்கான் சார்” என்றபடி சீட்டைப் பிரஷ்ஷால் தட்டினார். தூசிக்கு அடியில், பொடி எழுத்தில், இங்கிலீஷில்: ‘மேட் இன் ஜெர்மனி’.

அந்த ஒற்றை வரியைப் பிடித்துக்கொண்டு பல ராத்திரிகள் படித்தேன். ஜெர்மன் சரக்கு உள்ளூர்ச் சரக்கு வேஷத்தில் விலைபோகக் கூடாது என்று பிரிட்டன் 1887இல் சட்டம் போட்டது. அந்த வரி பரவியது அதற்குப் பிறகுதான். ஆக, பிடிலுக்கு வயது முந்நூறு இல்லை. உள்வேலை காட்டிய ஊர் சாக்சனியின் மார்க்நாய்கிர்ஹன். பொஹீமியாவிலிருந்து மத நெருக்கடியால் வெளியேறிய பன்னிரண்டு வயலின் ஆசாரிகள் 1677இல் அங்கே சங்கம் அமைத்தார்கள். பின்னாளில் அது குடிசைத் தொழிலானது. ஒரு வீட்டில் கழுத்து, அடுத்த வீட்டில் பலகை, இன்னொரு வீட்டில் வில். வியாபாரி எல்லாவற்றையும் வாங்கிச் சேர்த்து உலகெங்கும் அனுப்புவார். ஏற்றுமதி பெருகப் பெருக, அமெரிக்கா 1893இல் அந்தச் சின்ன ஊரில் தூதரக அலுவலகமே திறந்துவிட்டது.

அந்தச் சீட்டை மோசடி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தீபாவளிக்குச் சினிமாப் பெயரில் புடவை வருவதில்லையா? ஸ்ட்ராடிவாரி மாடல் என்பதற்கான சீட்டு அது. பரணில் கிடந்த காலத்தில்தான் நாங்கள் அதை நிஜமாக்கிக்கொண்டோம்.

பிரிட்ஜும் தந்திகளும் புதிதாகப் போட்டாயிற்று. வில் உளுத்துப் போயிருந்தது. பிரேசிலின் பெர்னாம்புகோ மரத்துக்கு 2007 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாடு, விலையும் எட்டாது. கார்பன் ஃபைபர் வில் வாங்கினேன். சுருள் தலையில், தாத்தாவின் கணுக்காலில் உரசி உரசி வார்னிஷ் போன இடத்தை மட்டும் பூச வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பெரியப்பாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். கொஞ்ச நேரம் மோவாயைச் சொறிந்தார்.

“அந்த ஜெர்மன்காரன் ஸ்ட்ராடிவாரிகிட்ட வேலை கத்துக்கிட்டவனா இருப்பான்டா.”