மகனின் துவக்குக்கு ஒரு புதுக்குழல்

போன வருசம் என்ர மகன் ஒரு துவக்கு வாங்கினான்.

இந்த ஒரு வரியை எழுதவே எனக்குக் கனநாள் எடுத்தது. எங்கட வீட்டில துவக்கு எண்ட சொல்லுக்கு என்ன பாரம் எண்டு இதை வாசிக்கிற ஆக்களில பாதிப்பேருக்கு நான் விளக்கத் தேவையில்லை. எஸ்.எல்.ஆர் சத்தம் எது, ஏ.கே சத்தம் எது எண்டு கண்ணை மூடிக்கொண்டு பிரிச்சுச் சொல்லத் தெரிஞ்ச பெடியளாய் வளர்ந்த ஆக்கள்தானே நாங்கள்.

பெடியன் பிறந்தது ஸ்காபரோவில. வயசு இருபத்தாறு. வேலையிடத்துச் சிநேகிதங்களோட சுடுதளத்துக்குப் போய் ஆசைப்பட்டு, பாதுகாப்பு வகுப்புக்குப் போய், சோதினை பாஸ் பண்ணி, லைசென்ஸ் கையில வந்த பிறகுதான் எங்களுக்குச் சொன்னான். மனிசி இரண்டு நாள் அவனோட கதைக்கவில்லை. பிறகு என்னட்டைச் சொன்னா: "இஞ்சேருங்கோ, அது இந்த வீட்டு வாசல்படி தாண்டக்கூடாது." அவன் தனி அப்பார்ட்மென்ரில இருக்கிறபடியால் அந்தப் பிரச்சினை அதோட முடிஞ்சுது.

அவன் வாங்கினது றூகர் 10/22. 1964 இல் இருந்து வருகிற .22 றைபிள். செமி ஓட்டோ, அதாவது விசையை ஒருக்கா இழுத்தால் ஒரு வெடி, அடுத்த ரவை தானாய் ஏறும். கனடாவில 2020 மே முதலாம் திகதி ஏ.ஆர்-15 உட்பட ஆயிரத்தைந்நூறு வகைக்கு மேல தடை செய்தார்கள், அந்தத் தடையில இது சேரவில்லை. பேப்பரில சுடுகிறதுக்கும் முயல், அணில் வேட்டைக்கும் பாவிக்கிறது. பழசாய், மலிவாய் வாங்கியிருந்தான்.

இரண்டு மாதத்தால் போன் வந்தது. "அப்பா, குறி ஒரு இடத்தில நிக்குதில்லை. குழல் மாத்தவேணும் எண்டு சொல்லீனம். எது நல்லதெண்டு எனக்குத் தெரியேல்லை. நீங்கள் மெசினிஸ்ட் தானே, ஒருக்கா வந்து பாருங்கோவன்."

இருபது வருசத்துக்கு மேல நான் சி.என்.சி மெசினில இரும்பு கடையிறவன். குழாயின் உள்விட்டம் அளக்கிறது என்ர அன்றாட வேலை. சாட்டுச் சொல்ல வழியில்லை. எண்டாலும் இரண்டு கிழமை சாட்டுச் சொன்னேன். பிறகு போனேன்.

மேசையில பழைய துவாய் விரிச்சு அதில வைச்சிருந்தான். கீழ்மரத்தைக் கழட்டினால் குழலைப் பிடிச்சிருக்கிறது ஒரு 'வி' வடிவக் கட்டையும் இரண்டு அலன் ஆணியும் மட்டும்தான். ஐஞ்சு நிமிசத்தில குழல் தனியாய் என்ர கையில. யன்னல் பக்கம் தூக்கி, கண்ணை வைச்சுப் பார்த்தேன்.

அப்பதான் ஐயாவின்ர ஞாபகம் வந்தது.

ஒட்டுசுட்டான் பக்கம் எங்களுக்கு வயல். பண்டி கலைக்க ஐயாவிட்டை பெர்மிட் எடுத்த ஒற்றைக்குழல் துவக்கு ஒண்டு இருந்தது. அயலில மற்றவை இடியன் வைச்சிருந்தவை. மழை முடிய ஐயா துவக்கைத் துடைச்சுப்போட்டு, குழலை வானத்துக்குத் தூக்கி எனக்கும் அண்ணாவுக்கும் காட்டுவார். "வானம் வட்டமாய்த் தெரியுதோ? தெரிஞ்சால் சரி." எண்பதுகளின் நடுவில ஒரு பின்னேரம் சில பேர் வந்து அந்தத் துவக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு போட்டினம். அதுக்குப் பிறகு துவக்கு எண்டால் எங்களை நோக்கி நீட்டுகிற பக்கம் மட்டும்தான் எனக்குத் தெரியும். குழலின் பின்பக்கத்தால பார்த்து நாற்பது வருசம் ஆகுது.

ஐயாவின்ர குழல் உள்ளுக்க வழுவழுப்பு. றைபிளுக்கு அப்பிடியில்லை, உள்ளுக்க சுருள் சுருளாய் வரி ஓடும். .22 க்குப் பொதுவாய்ப் பதினாறு அங்குலத்துக்கு ஒரு சுற்று. அந்தச் சுற்றுத்தான் ரவையைத் தள்ளாடாமல் கொண்டு போறது. மகனின் குழலில் நடுப்பகுதி வரி நல்லாய்த்தான் இருந்தது. வாய்ப்பக்கம் வரவரத் தேய்ஞ்சு, விளிம்பு ஒரு பக்கம் சாய்ஞ்சிருந்தது.

காரணம் சுட்டுத் தேய்ஞ்சதில்லை. .22 ரவை மெதுவான ஈயம், பத்தாயிரக் கணக்கில சுட்டாலும் குழல் லேசில தேயாது. இந்த றைபிளின்ர பின்பக்கம் மூடினது, குழலைக் கழட்டாமல் பின்னால கம்பி விட ஏலாது. அதால ஆக்கள் வாய்ப்பக்கத்தால கம்பி விட்டுத் துடைப்பினம். முன்னம் வைச்சிருந்த ஆள் இரும்புக் கம்பியால வருசக்கணக்காய்த் துடைச்சு வாயைக் கெடுத்துப்போட்டார். ரவை கடைசியாய்த் தொடுகிற இடம் அந்த விளிம்பு. அங்க ஒரு பக்கம் முந்திக் காற்று வெளிக்கிட்டால் ரவை மற்றப் பக்கம் சாயும்.

லேத்தில போட்டு நுனியை வெட்டி விளிம்பைத் திரும்பக் கடையலாமோ எண்டு யோசிச்சேன். குழல் பதினெட்டரை அங்குலம், 470 மில்லிமீற்றர். வெட்டிச் சுருக்கின றைபிளின்ர குழல் 457 க்குக் குறைஞ்சால் இஞ்ச தடை செய்யப்பட்ட ஆயுதம். ஆக 13 மில்லிமீற்றர் கூட இடமில்லை, தேய்மானமோ அதைவிட உள்ளுக்கப் போட்டுது. புதுக்குழல்தான் வழி.

மகன் பார்த்து வைச்சிருந்தது எல்லாம் நீளமாய், தடிப்பாய், பளபளப்பாய். நான் சொன்னது இதுதான்.

நீளத்துக்குக் காசு குடுக்காதே. .22 இன் மருந்து கொஞ்சம்தான், பதினாறு அங்குலத்துக்குள்ள அதின்ர வேலை கிட்டத்தட்ட முடிஞ்சுது. குரோம்-மொலியோ ஸ்ரெயின்லெஸ்ஸோ எண்டும் மண்டையை உடைக்காதே. ஈய ரவைக்கு இரண்டும் போதும். ஸ்ரெயின்லெஸ் எண்டால் கறள் தொல்லை குறைவு, அவ்வளவுதான்.

தடிப்பு எண்டால் அசைவு குறைவு, உண்மை. ஆனால் 0.920 அங்குலத் தடிக்குழல் பழைய மரத்துக்குள்ள இறங்காது, மரமும் மாத்தவேணும். பாரமும் கூட, அதை அந்த இரண்டு ஆணிதான் தாங்கவேணும். ஆணியைப் பிடிச்சு முறுக்கவும் கூடாது, அது இறங்கிற உடம்பு அலுமினியம்.

காசு குடுக்கவேண்டியது உள்ளுக்க. துளை அடியில இருந்து நுனிவரை ஒரே அளவாய் இருக்கவேணும், நுனிப்பக்கம் அகலவே கூடாது. வரி போடுகிறதில ஒரு முறை, கடினமான காபைட் குமிழ் ஒண்டைத் துளைக்குள்ளால இழுக்கிறது. அப்ப உருக்குக்குள்ள இழுவிசை நிக்கும். அதைச் சூடாக்கித் தணிக்காமல் வெளியால கடைஞ்சால் துளை அங்கங்க விரியும். இழுத்த கம்பியைக் கடைஞ்சு பார்த்த எந்த மெசினிஸ்டுக்கும் அந்தத் தலையிடி தெரியும். அதால இழுவிசை தணிச்சதோ, துளையைக் கையால தேய்ச்சு மினுக்கினதோ எண்டு கேள்.

அடுத்தது ரவை இருக்கிற அறை, சேம்பர். போட்டித் துவக்குகளின்ர அறை சரியான இறுக்கம், ரவையே வரிக்குள்ள போய்க் கடிச்சு நிக்கும். ஒவ்வொண்டாய்க் கையால போட்டுச் சுடுகிறதுக்கு அது நல்லது. செமி ஓட்டோவில அது சிக்கும், சுடாத ரவையை வெளியில எடுக்கவும் கஸ்டப்படுத்தும். அதுக்கும் சாதாரண அறைக்கும் இடையில 'பென்ட்ஸ்' எண்டு ஒரு அளவு இருக்கு. இந்த றைபிளுக்கு அதுதான் பொருத்தம்.

கிறீன் மவுண்டன், கிட் எண்டு இதுக்குக் குழல் செய்யிற பேர்போன ஆக்கள் இருக்கினம். கடைசியில பழைய மரத்துக்கே பொருந்துகிற மெல்லிய குழல் ஒண்டு, பென்ட்ஸ் அறையோட எடுத்தம். விலை அவன் துவக்கு வாங்கின விலைக்குக் கிட்ட வந்தது. இப்ப இஞ்ச குழல் மட்டும் வாங்கவும் லைசென்ஸ் காட்டவேணும்.

பெட்டியை உடைச்சுக் குழலைத் தூக்கி வெளிச்சத்தில பிடிச்சேன். பொய் சொல்லக்கூடாது, வடிவான வேலை. வட்டத்துக்குள்ள வட்டமாய், ஒரு சுரண்டல் இல்லாமல் வரி திரும்பிக்கொண்டு போகுது. இருபது வருசம் இரும்போட நிண்டவனுக்கு அதைப் பார்க்கச் சந்தோசம் வராமல் இராது.

அந்தச் சந்தோசத்துக்கு நடுவிலதான் அது வந்தது. அண்ணாவை 1989 இல் சுட்டவை. யார் எண்டு இஞ்ச எழுதப் போறதில்லை, எழுதினால் கதை வேற எங்கயோ போகும். ஒரே ஒரு வெடி, குறி தப்பவில்லை. அந்தத் துவக்கின்ர குழலையும் உலகத்தில ஏதோ ஒரு பக்ரறியில, என்னைப் போல ஒருத்தன், கண்ணில வைச்சுப் பார்த்து, "நல்லாய் வந்திருக்கு" எண்டு திருப்திப்பட்டுத்தான் அனுப்பியிருப்பான். அவனில எனக்குக் கோபம் வரவில்லை. ஆனால் இத்தனை வருசத்தில அவனை நான் நினைச்சதே இல்லை. சுட்டவனை நினைச்சிருக்கிறன், சுடச் சொன்னவனை நினைச்சிருக்கிறன், கடைஞ்சவனை நினைச்சதில்லை.

"என்னப்பா, பழுதோ?" எண்டு மகன் கேட்டான். "இல்லை தம்பி, நல்லாயிருக்கு" எண்டு குடுத்தேன்.

சுடுதளத்துக்கும் போனேன். 50 மீற்றர். மூண்டு வெடியை வைச்சு முடிவு சொல்லாதே, பத்துப் பத்தாய்ச் சுடு, மூண்டு நாலு வகை ரவை போட்டுப் பார் எண்டு சொன்னேன். ஒரே அளவு ரவை எண்டாலும் குழலுக்குக் குழல் பிடிக்கிறது வேற வேற. பழைய குழலில உள்ளங்கை அகலத்துக்குச் சிதறினது, சத்தத்தை விடக் குறைஞ்ச வேகத்தில போகிற ஒரு வகை ரவையோட இருபத்தைந்து சதக் குத்திக்குள்ள பத்தும் அடங்கிச்சுது. "நீங்களும் ஒண்டு சுடுங்கோ அப்பா" எண்டான். வேண்டாம் எண்டேன். காது மூடி போட்டிருந்தும் முதல் வெடிக்கு என்ர தோள் குலுங்கினதை அவன் கண்டவன். பிறகு கேட்கவில்லை.

திரும்பி வரேக்க காரில எனக்குத் தெரியாத மாதிரிக் கேட்டான்: "பெரியப்பாவின்ர கதையை நீங்கள் எனக்கு முழுக்கச் சொன்னதில்லை." ஸ்காபரோ வந்து சேரும்வரை சொன்னேன். இருபத்தாறு வருசமாய்ச் சொல்லாதது.

அந்தப் பேப்பரை மனிசிக்குக் காட்டினேன். கனநேரம் பார்த்துப்போட்டு, "எல்லாம் ஒரு இடத்திலயே பட்டிருக்கு, உது நல்லமோ?" எண்டு கேட்டா. குழலுக்கு நல்லம் எண்டேன். எனக்கு அதுக்கு மேல பதில் தெரியவில்லை.

எங்கட பிள்ளையளுக்குத் துவக்கு ஒரு விளையாட்டுச் சாமான். எங்களுக்கு அது வேற. அதைக் கேட்ட உடன கத்தித் துரத்தினால் அவை எங்களுக்குத் தெரியாமல் போய்ச் சுடுவினம், நாங்களும் எங்கட கதையை வாய்க்குள்ளயே வைச்சுக்கொண்டு போய்ச் சேருவம். கூடப் போய் நிண்டு பாருங்கோ. சுடத் தேவையில்லை.