மாமாவுக்கு ஒரு சுருட்டு

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். எனக்குப் புகைப் பழக்கம் கிடையாது. இது புகையிலைக்கு விளம்பரமும் இல்லை. வீட்டுக்கு வந்த பெரியவர் ஒருவருக்காக ஒரு வருடத்துக்கு மேல் சுருட்டைப் பற்றிப் படித்து, கடைக்காரரிடம் விசாரித்து, நோட்டில் பத்தி பிரித்துக் குறித்து வைத்தது (வங்கிக்காரன் புத்தி!) இங்கே பதிவாகிறது. படிக்கிறவர்கள் கடைசிப் பகுதியையும் சேர்த்தே படித்துவிடுங்கள்.

என் மாமனார் உறையூர்க்காரர். பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சாயங்காலம் ஒரு சுருட்டு, ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒன்று, அந்தக் கணக்கு தப்பாது. அத்தை தவறிய பிறகு டில்லிக்கு எங்களோடு வந்துவிட்டார். வரும்போது பெட்டியில் வேட்டி சட்டைக்கு நடுவே இரண்டு கட்டு சுருட்டும் வந்தது. அது தீர்ந்ததும் ஒன்றும் கேட்கவில்லை. கீழே பார்க்குக்குப் போவார், பத்து நிமிடத்தில் திரும்பிவிடுவார். இங்கே பான் கடையில் சிகரெட்டும் பீடியும்தான். பீடி ஒன்றை இழுத்துப் பார்த்துவிட்டு, "இது இருமுறதுக்குத்தான் ஆகும்" என்று போட்டுவிட்டார். ஊரிலிருந்து கூரியரில் வரவழைத்ததும் டில்லியின் மே மாத வெயிலில் அப்பளம் மாதிரி நொறுங்கியது.

என் மனைவிக்கு அப்பா இதை விட வேண்டும் என்று இருபது வருட ஆசை. ஆனாலும் அன்றைக்கு அவள் சொன்னது வேறு. "ஊரு, வீடு, அம்மா எல்லாத்தையும் விட்டுட்டு வந்திருக்காரு. இதையும் இந்த மாசமே பிடுங்கணுமா?" கடைசியில் ஒரு உடன்படிக்கை ஆனது. தினம் இரண்டு என்பது இனி வாரத்துக்கு இரண்டு. மொட்டை மாடியில் மட்டும். பையன் பக்கத்தில் இருக்கக் கூடாது. எண்ணிக்கையைக் குறைத்தால் தரத்தை ஏற்றலாம் என்று மாமா ஒப்புக்கொண்டார். அந்தத் தரத்தைத் தேடும் வேலை என் தலையில் விழுந்தது.

சுருட்டு நமக்கு ஒன்றும் அன்னியச் சரக்கு இல்லை. ஆங்கிலத்தில் 'செரூட்' என்கிறார்களே, அது நம் 'சுருட்டு' என்ற சொல்லிலிருந்து போனது. திருச்சிச் சுருட்டு 'டிரிச்சினாப்பள்ளி' என்ற பெயரில் லண்டன் வரைக்கும் பிரசித்தம். 1887இல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் கதையிலேயே, தரையில் கிடந்த சாம்பலை வைத்துக் கொலைகாரன் பிடித்தது டிரிச்சினாப்பள்ளி என்று ஹோம்ஸ் சொல்வார். இதை மாமாவிடம் சொன்னபோது, "நம்ம ஊரு சாம்பலுக்கே அவ்வளவு மரியாதையா!" என்று ஒரு வாரம் பார்க்கில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பார்க்கில் யாருக்கும் தமிழ் தெரியாது என்பது வேறு விஷயம் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம். டில்லியில் பெரிய ஓட்டல் ஒன்றின் கீழ்த்தளத்தில் சுருட்டுக் கடை இருக்கிறது. கடைக்காரர் முதலில் கேட்டது, "அவருக்கு ஸ்ட்ராங்கா வேணுமா, ருசியா வேணுமா?" இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்தேன். இல்லையாம். மூன்று சங்கதியைப் பிரித்துப் பார்க்க வேண்டுமாம். ஒன்று வலு, அதாவது நிகோடின் ஏறி உடம்பைத் தாக்குவது. இரண்டாவது கனம், புகை வாயில் எவ்வளவு திக்காக நிற்கிறது என்பது. மூன்றாவது ருசி.

காப்பி குடிக்கும் வீட்டில் பிறந்தவர்களுக்கு இது உடனே புரிந்துவிடும். சிக்கரி கூடப் போட்டால் டிகாஷன் கறுப்பாக, திக்காக இறங்கும். பார்த்தால் பயங்கர ஸ்ட்ராங். ஆனால் சிக்கரியில் காஃபீன் கிடையவே கிடையாது. அது கனம், வலு இல்லை. ரொபஸ்டா கொட்டையில் அராபிகாவைப் போலச் சுமார் இரண்டு மடங்கு காஃபீன். அது வலு. நல்ல அராபிகாவின் வாசனை இருக்கிறதே, அது ருசி. சுருட்டிலும் இதே கதைதான்.

ஒரு சுருட்டுக்குள் மூன்று அடுக்கு. நடுவில் உள் இலைகள், அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் கட்டு இலை, வெளியே அழகாகச் சுற்றிய மேல் இலை. உள் இலையில்தான் வலு தீர்மானமாகிறது. செடியின் உச்சியில் வெயிலை நேராக வாங்கும் இலைக்கு 'லிகேரோ' என்று பெயர். தடிப்பு, மெதுவாக எரியும், வலு அதிகம். நடு இலை 'செக்கோ', வாசனைக்கு. அடி இலை 'வொலாடோ', சீராக எரிவதற்கு. இந்த மூன்றையும் எந்த விகிதத்தில் சேர்க்கிறார்கள் என்பதுதான் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம். லிகேரோ கூடினால் ஆளை உட்கார வைக்கும்.

மேல் இலை ருசிக்கு. கனெக்டிகட் ஷேட் என்பது துணிப் பந்தலுக்குக் கீழே நிழலில் வளர்ப்பது. வெளிர் பழுப்பு, மென்மை, பாலும் வறுத்த கொட்டையும் சேர்ந்தாற்போல ஒரு வாசம். மதூரோ என்பது நீண்ட நாள் புளிக்க வைத்துக் கறுத்த இலை. பார்த்தால் மிரட்டும், வாயில் வைத்தால் பெரும்பாலும் கொஞ்சம் தித்திக்கும். நிறத்தைப் பார்த்து வலுவை எடை போடக் கூடாது என்று கடைக்காரர் இரண்டு முறை சொன்னார்.

ஊர்க் கணக்கும் உண்டு. டொமினிக்கன் குடியரசுச் சரக்கு பொதுவாக மென்மையிலிருந்து நடுத்தரம். நிகராகுவா எரிமலை மண், மிளகுக் காரம் கூடுதல். கியூபாவுக்கு பினார் டெல் ரியோ மாகாணத்தின் வுவெல்டா அபாஹோ பகுதிதான் பெயர் வாங்கிக் கொடுத்தது. 1959 புரட்சிக்குப் பிறகு அங்கே 1960இல் சுருட்டுக் கம்பெனிகள் அரசுடைமை ஆயின. 1962இல் அமெரிக்கா வர்த்தகத் தடை போட்டது. தொழில் தெரிந்த குடும்பங்கள் பல கிளம்பி டொமினிக்கன் குடியரசு, ஹோண்டுராஸ், நிகராகுவா என்று போய், கியூப விதையை அந்த மண்ணில் போட்டு வளர்த்தன. விதை அதே, மண் வேறு, அதனால் ருசியும் வேறு. ஆனாலும் யாரும் அதை மட்டம் என்று சொல்வதில்லை. இதைப் படித்தபோது டில்லியில் பிறந்து தமிழைக் கொஞ்சம் இந்தி ராகத்தில் பேசும் என் பையன் ஞாபகம் வந்தது.

அளவையும் பார்க்க வேண்டும். தடிமனை ஓர் அங்குலத்தை 64 பங்காக்கிச் சொல்கிறார்கள். ரொபஸ்டோ என்றால் வழக்கமாக 5 அங்குல நீளம், 50 தடிமன், அதாவது கிட்டத்தட்ட 2 சென்டிமீட்டர். பிடித்து முடிக்க முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். ஒல்லியான சுருட்டில் மேல் இலையின் பங்கு கூடும், ருசி தூக்கலாகத் தெரியும். வேகமாக இழுத்தால் சூடேறிக் கசக்கும். நிமிடத்துக்கு ஒரு இழுப்பு போதும். எதுவானாலும் கடைசி மூன்றில் ஒரு பங்கில் வலு ஏறிக்கொண்டே போகும். நம்ம ஊர்ச் சுருட்டுக்கு இரண்டு பக்கமும் வாய் திறந்திருக்கும். இதற்கு ஒரு பக்கம் தொப்பி மாதிரி மூடியிருக்கும், அதை வெட்டிவிட்டுத்தான் பற்ற வைக்க வேண்டும். மாமா முதல் நாள் பல்லால் கடித்தே வேலையை முடித்துவிட்டார்.

இனி நோட்டுப் புத்தகம். நான்கு பத்தி போட்டேன். அளவு, மேல் இலை, தலைசுற்றல் உண்டா இல்லையா, மாமாவின் வாக்கு.

முதல் வாரம், கனெக்டிகட் மேல் இலை, டொமினிக்கன், ரொபஸ்டோ. பாதி வரைக்கும் பொறுமையாக இருந்துவிட்டு, "மாப்ள, தப்பா நெனைக்காதீங்க. கல்யாண வீட்டுல கடைசிப் பந்திக்குக் குடுக்குற காப்பி மாதிரி இருக்கு" என்றார்.

இரண்டாவது, மதூரோ. "வாசம் நல்லாத்தான் இருக்கு. கருப்பட்டி கருகுன மாதிரி. ஆனா இது பலகாரம், சாப்பாடு இல்ல."

மூன்றாவது, நிகராகுவா, லிகேரோ தூக்கலாகப் போட்டது, அதுவும் ரொபஸ்டோ அளவில். முதல் பத்து நிமிடம் முகம் மலர்ந்தது. "இதுதான், இதுதான்" என்றார். அரை மணி கழித்துப் பேச்சு நின்றது. நெற்றியில் வேர்வை. சர்க்கரை தூக்கலாக டீ போட்டுக் கொடுத்து ஆசுவாசப்படுத்தினோம். "அம்பது வருஷமா குடிக்கிறவனுக்கே தலை சுத்துதே!" என்று அவருக்கே அதிசயம். காரணம் கடைக்காரர் சொன்னதுதான். உறையூர்ச் சுருட்டு காரம், ஆனால் சின்னது, கால் மணியில் முடிந்துவிடும். அதே காரத்தை ஒரு மணி நேரம் நீட்டினால் யார் தாங்குவார்கள்?

ஆக, அவருக்கு வேண்டியது வலுவும் இல்லை, சாதுவும் இல்லை. காரம் வேண்டும், சிறு அளவில் வேண்டும். பெட்டி கொரோனா என்று ஓர் அளவு உண்டு. 5 அங்குலத்தை ஒட்டிய நீளம், 42 தடிமன். நிகராகுவா உள் இலை, கேமரூன் மேல் இலை போட்டது ஒன்று கிடைத்தது. பிடித்து முடித்துவிட்டு, சாம்பலைத் தட்டாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "கிட்ட வந்துருச்சு மாப்ள" என்றார். நோட்டில் அப்படியே எழுதினேன். விலையை மட்டும் அவரிடம் சொல்லவே இல்லை. உறையூரில் அந்தக் காசுக்கு எத்தனை கட்டு என்று கணக்குப் போட ஆரம்பித்திருப்பார்.

வைத்துக்கொள்ளும் முறையும் முக்கியம். காற்றில் ஈரப்பதம் 65 முதல் 70 சதவீதம் இருந்தால் சுருட்டு பதமாக இருக்கும். டில்லி வெயிலில் வெடித்துவிடும், மழைக் காலத்தில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் ஈரப்பதம் காக்கும் பொட்டலம் ஒன்றைப் போட்டு வைத்தோம். வாரம் இரண்டு, மாடி, ஒரு நாற்காலி, பக்கத்தில் நான். அந்த அரை மணியில்தான் பொன்மலை கதைகள், அத்தையைப் பெண் பார்க்கப் போன கதை எல்லாம் கேட்டேன். கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் அவர் என்னிடம் பேசாததை எல்லாம் அங்கேதான் பேசினார்.

அப்புறம் ஒரு நாள் ரசம் வாயில் எரிகிறது என்றார். பல் டாக்டரிடம் அழைத்துப் போனேன். இடது கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு, துடைத்தால் போகவில்லை. லூகோபிளேக்கியா என்றார் டாக்டர். சதை எடுத்து அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாள். புற்றுநோய் இல்லை, ஆனால் அணுக்களில் மாற்றம் தெரிகிறது, சிலருக்கு இது புற்றாக மாறும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்க்க வேண்டும், புகையிலையை இன்றோடு நிறுத்த வேண்டும் என்று வந்தது. எல்லாம் இந்தியில். மாமாவுக்கு இந்தி தெரியாது. ஒவ்வொரு வாக்கியமாக நான்தான் தமிழில் சொன்னேன். வங்கியில் எத்தனையோ பேருக்குக் கடன் இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறேன். அது இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

"புகையை உள்ள இழுக்கறதே இல்லையே, வாயோட சரியாச்சே?" என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். டாக்டர் பொறுமையாக விளக்கினார். சுருட்டுப் புகை காரத்தன்மை உள்ளது, அதனால் நிகோடின் வாயின் தோல் வழியாகவே ரத்தத்தில் ஏறிவிடும், உள்ளே இழுக்கத் தேவையே இல்லை. வாய், தொண்டை, உணவுக்குழாய்ப் புற்றுக்கு அதுவே போதும். பெரிய சுருட்டு ஒன்றில் ஒரு சிகரெட் பாக்கெட் அளவு புகையிலை இருக்கக்கூடும். விலை கூடியது என்பதால் இந்த விஷயத்தில் சலுகை எதுவும் கிடையாது.

ஆட்டோவில் வரும்போது மாமா கேட்டார். "டப்பாவுல எத்தனை இருக்கு?"

"நாலு மாமா."

"ருசி அமைஞ்ச நேரத்துல நிறுத்தச் சொல்றாங்க." கொஞ்ச தூரம் போன பிறகு, "அமையாமயே நிறுத்துறதுக்கு இது பரவாயில்ல" என்றார்.

முதல் இரண்டு வாரம் வீடே எண்ணெய்ச் சட்டி மாதிரி இருந்தது. எதற்கெடுத்தாலும் எரிச்சல், தூக்கமில்லை. அந்தச் சாயங்கால அரை மணிதான் கஷ்டம் என்று புரிந்து, அதே நேரத்துக்கு மாடிக்கே போனோம். நாற்காலி அதே, கையில் மட்டும் உலர்ந்த நெல்லிக்காய், கிராம்பு. கதைகள் நிற்கவில்லை. இப்போது எட்டு மாதம் ஆகிறது. திட்டு மங்கியிருக்கிறது என்று போன முறை டாக்டர் சொன்னார். கண்காணிப்பு தொடர்கிறது.

உங்கள் வீட்டிலும் ஊரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் இருப்பார். சுருட்டோ, பீடியோ, வெற்றிலையோடு புகையிலையோ, ஏதோ ஒன்று இருக்கும். ஞாயிற்றுக்கிழமை வெளிச்சத்தில் உட்கார வைத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வாய் திறப்பதில் சிரமம், காரம் பட்டால் எரிச்சல், எது இருந்தாலும் தள்ளிப் போடாதீர்கள். விட நினைப்பவர்களுக்கு அரசின் இலவச ஆலோசனை எண் 1800-11-2356. கூடவே டாக்டரிடம் ஒருவர் போங்கள். அவருக்குப் புரிகிற மொழியில் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.