புழக்கடையில் நடந்த வழக்கு

அக்டோபர் மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை. டெக்சாஸ் மாநிலம், டாலஸுக்கு வடக்கே ஃபிரிஸ்கோ. அங்கே ஒரு தமிழ்க் குடும்பத்து வீட்டின் புழக்கடை. ஆளுயர மரவேலி, ஒட்ட வெட்டிய புல்தரை, மூலையில் கேஸ் கிரில். மிளகாயும் தயிரும் தடவிய கோழித்துண்டுகள் அதன்மேல் வெந்துகொண்டிருந்தன. குழந்தைகள் டிராம்போலினில் குதித்துக்கொண்டிருந்தார்கள். விருந்தாளியான எனக்கு வேலை எதுவும் இல்லை. ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன், கேட்டேன். கடைசிவரை வாய் திறக்கவில்லை.

வழக்கைத் தொடங்கி வைத்தவர் வீட்டம்மாவின் அப்பா. திருநெல்வேலிப் பக்கம் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். மகள் வீட்டுக்கு இப்போதுதான் முதல் தடவையாக வந்திருக்கிறார். காலையில் கடைக்குப் போனபோது கண்ணாடிக் கதவில் பார்த்த அறிவிப்பு அவர் மனதை விட்டுப் போகவில்லை.

“மாப்ள, அரிசி பருப்பு விக்கிற கடையில ‘துப்பாக்கியோட உள்ள வரக்கூடாது’ன்னு எழுதிப் போட்டிருக்கானே, போர்டு போடாட்டி கொண்டு வந்திருவானா?”

“கொண்டு வரலாங்க மாமா. போர்டு இருந்தாத்தான் சட்டப்படி தடை” என்றார் மருமகன். கோயம்புத்தூர்க்காரர். இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன.

அந்தப் பலகையை நானும் பார்த்திருந்தேன். மேலே ஆங்கிலம், கீழே ஸ்பானிஷ். எழுத்தின் உயரம் ஓர் அங்குலத்துக்குக் குறையக் கூடாது, பின்னணி நிறத்தோடு கலந்து மங்கவும் கூடாது என்று சட்டமே வகுத்திருக்கிறது. 2021 செப்டம்பர் 1 முதல் டெக்சாஸில் 21 வயது நிரம்பியவர், குற்றத் தண்டனை போன்ற தடை எதுவும் இல்லாவிட்டால், உரிமம் எடுக்காமலே கைத்துப்பாக்கியோடு நடமாடலாம். வேண்டாம் என்று நினைக்கிற கடைக்காரர்தான் எழுதி ஒட்ட வேண்டும்.

தாசில்தாருக்கு அது ஏற்புடையதாக இல்லை. “நான் வேலை பார்த்த காலத்துல ஒத்தக்குழல் துப்பாக்கிக்கு ஒரு மனு வந்தா, போலீஸ் அறிக்கை ஒண்ணு, எங்க அறிக்கை ஒண்ணு போகணும். நெலம் இருக்கா, காட்டுப்பன்னி நெசமாவே பயிரை அழிக்கா, ஆளு குடிப்பானா, அக்கம்பக்கத்துல தகராறு உண்டா, எல்லாம் விசாரிப்போம். அதுக்கப்புறமும் கலெக்டர் கையெழுத்துப் போட்டாத்தான். தேர்தல் வந்துட்டா அதையும் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிரணும்.”

“அங்க அரசாங்கத்துகிட்ட கேட்டு வாங்கணுங்க மாமா. இங்க 1791லயே அரசியல் சட்டத்துல எழுதி வச்சுட்டாங்க. வீட்டுல தற்காப்புக்கு வச்சுக்கறது தனி மனுசனோட உரிமைன்னு 2008ல சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிருச்சு.”

கிரில்லில் கோழியைப் புரட்டிக்கொண்டிருந்த சேலத்து இளைஞர் செல்போனைப் பார்த்துக் கணக்கு வாசித்தார். ‘ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே’ 2018இல் வெளியிட்ட மதிப்பீடு அது. அமெரிக்கப் பொதுமக்களிடம் 39 கோடிக்கு மேல் துப்பாக்கிகள் இருக்கின்றன. நூறு பேருக்கு 120. இந்தியாவில் ஏழு கோடிச் சொச்சம், நூறு பேருக்கு ஐந்து. இந்தியக் கணக்கில் பெரும்பகுதி உரிமம் இல்லாதவை என்பதையும் அவர் மறைக்காமல் வாசித்தார். பெரியவர் முகம் கொஞ்சம் சுருங்கியது.

“எனக்கும் ஒண்ணு வாங்கணும்னு யோசனை மாமா. ஆனா நான் ஹெச்1பி விசா. எங்களுக்கு விக்கக் கூடாதுன்னு ஃபெடரல் சட்டம். வேட்டை லைசென்ஸ் வச்சிருந்தா மட்டும் விக்கலாம்.”

“நீ வேட்டைக்குப் போவியா தம்பி?”

“இல்ல மாமா. அந்த லைசென்ஸை ஆன்லைன்லயே எடுத்துக்கலாம்.”

“அப்ப எதுக்குப்பா?”

இளைஞர் கிரில்லின் மூடியை மூடினார். “அலன் மால் இங்கிருந்து இருபது நிமிஷம். 2023 மே மாசம் சனிக்கிழமை சாயங்காலம் அங்க ஒருத்தன் சுட்டதுல எட்டுப் பேர் செத்தாங்க. அதுல நம்ம நாட்டுப் பொண்ணு ஒருத்தி, இன்ஜினியர். இங்க எல்லார்கிட்டயும் துப்பாக்கி இருக்கு. நம்மகிட்ட மட்டும் இல்லன்னா எப்படி மாமா?”

அந்த நேரத்தில் வேலிக்கதவைத் திறந்துகொண்டு பக்கத்து வீட்டு வெள்ளைக்காரப் பெரியவர் வந்தார். எழுபது வயது இருக்கும். கையில் ‘பீக்கன் பை’ என்ற இனிப்புப் பண்டம் இருந்த தட்டு. நவம்பர் முதல் சனிக்கிழமை மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது, ஆகவே அவர் நல்ல உற்சாகத்தில் இருந்தார். பேச்சு ஆங்கிலத்துக்கு மாறியது. பத்து வயதில் அப்பா கையில் துப்பாக்கியைக் கொடுத்துக் கற்றுக்கொடுத்ததையும், ஒரு மான் கிடைத்தால் குளிர்காலம் முழுவதும் வீட்டுக்கு இறைச்சி இருக்கும் என்பதையும் சொன்னார். அவர் பேச்சில் பகட்டில்லை. உழவர் கலப்பையைப் பற்றிப் பேசுவதுபோல்தான் பேசினார்.

மருமகன் குழந்தைகள் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போய் இரும்புப் பெட்டி ஒன்றைக் கொண்டு வந்தார். செருப்பு டப்பா அளவு. மூடியின் மேல் விரல் வைத்ததும் திறந்தது. உள்ளே சாம்பல் நிறப் பஞ்சுக்குள் கறுப்புப் பிஸ்டல். எடுக்கப் போன மருமகனின் கையை அண்டைவீட்டுப் பெரியவர் தடுத்தார். குழாயைத் தரைப்பக்கம் திருப்பச் சொன்னார். தோட்டாக்கூட்டைக் கழற்றச் சொன்னார். மேல்பகுதியைப் பின்னால் இழுத்து, உள்ளே தோட்டா தங்கியிருக்கிறதா என்று தானே குனிந்து பார்த்தார். பிறகுதான் தாசில்தாரிடம் கொடுத்தார்கள். அவர் ஒரு நொடி வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எத்தனையோ துப்பாக்கி மனுக்களைப் பார்த்தவர், கையைப் பிறகு வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“ராத்திரி எவனாவது கதவை உடைச்சா, 911க்குப் போன் பண்ணி போலீஸ் வர்ற வரைக்கும் நான்தானுங்க போலீஸ். யுவால்டி பள்ளிக்கூடத்துல என்ன ஆச்சுன்னு தெரியுமில்லைங்களா? 2022ல. சுட்டவன் உள்ள இருக்க, போலீஸ் வகுப்பறைக்கு வெளியவே 77 நிமிஷம் நின்னுச்சு. பத்தொன்பது குழந்தைங்க, ரெண்டு டீச்சருங்க செத்தாங்க” என்றார் மருமகன்.

அதுவரை உள்ளேயும் வெளியேயும் நடந்துகொண்டிருந்த வீட்டம்மா அப்போது நின்றார். பெரிய மருத்துவமனை ஒன்றின் அவசரப் பிரிவில் நர்ஸாக இருப்பவர்.

“அங்க கடைசில வந்து நின்னது 376 போலீஸ்காரங்க. அத்தனை பேர் இடுப்புலயும் துப்பாக்கி இருந்துச்சு. பயிற்சி எடுத்தவங்களாலயே முடியலன்னா, தூக்கக் கலக்கத்துல எந்திரிக்கிற உங்களால என்ன முடியும்? நான் தினம் பாக்கிறேன். திருடனைச் சுட்டுப் பிழைச்சேன்னு வர்றவங்க அபூர்வம். கோவத்துல பொண்டாட்டியைச் சுட்டது, பிள்ளை எடுத்து விளையாடுனது, தன்னைத்தானே சுட்டுக்கிட்டது, இதுதான் வருது.”

அவர் கடைசியாகச் சொன்னதை அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையக் கணக்கும் சொல்கிறது. 2022இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48 ஆயிரத்துக்கு மேல். அதில் 27 ஆயிரம் பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கும் மேல்.

அண்டைவீட்டுக்காரருக்குத் தமிழ் தெரியாது. வீட்டம்மா ஆங்கிலத்தில் சொன்னதும் தலையசைத்தார். அவருடைய தம்பி மனைவியை இழந்து தனியாக இருந்தாராம். ஒருநாள் இவர் காரை எடுத்துக்கொண்டு போய், தம்பி வீட்டுத் துப்பாக்கிகள் அனைத்தையும் எடுத்துவந்து தன் பெட்டகத்தில் பூட்டினாராம். மறு வேனில்வரை திருப்பிக் கொடுக்கவில்லை. தம்பி அதற்காகப் பேசாமல் இருந்தாராம். “இந்த நவம்பர் இருவரும் சேர்ந்து வேட்டைக்குப் போகிறோம்” என்றார். துப்பாக்கியை நேசிக்கிறவர், துப்பாக்கியை எப்போது அகற்ற வேண்டும் என்றும் அறிந்தவராக இருந்தார்.

தண்ணீர் குடிக்க ஓடிவந்த பேத்தியைத் தாத்தா மடியில் இழுத்துக்கொண்டார். இரண்டாம் வகுப்பு. “பள்ளிக்கூடத்துல திருடன் வந்தா என்ன செய்யணும்னு சொல்லிக் கொடுத்தாங்களாமே?”

“திருடன் இல்ல தாத்தா, லாக்டவுன். டீச்சர் கதவைப் பூட்டுவாங்க. லைட்டை ஆஃப் பண்ணுவாங்க. நாங்க ஜன்னல் பக்கம் இல்லாம சுவரோட ஒட்டி உக்காரணும். பேசவே கூடாது. யார் கதவைத் தட்டினாலும் திறக்கக் கூடாது.”

“யார் தட்டினாலுமா?”

“அம்மாவே தட்டினாலும்” என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்துவிட்டு ஓடினாள். 2020 முதல் இந்த நாட்டில் 1 முதல் 19 வயதுவரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணம் துப்பாக்கி.

பெரியவர் கண் சிவந்துவிட்டது. “இதுக்குப் பேரு பணக்கார நாடா? எங்க ஊருல பிள்ளைய பள்ளிக்கூடத்துல விட்டா சாயங்காலம் வரை யாரும் இப்படிப் பயந்ததில்ல.”

“பயந்தோம் அப்பா. ரோட்டுக்குப் பயந்தோம்” என்றார் மகள். “ஸ்கூட்டர்ல முன்னாடி நான், பின்னாடி தம்பி, ஹெல்மெட் கிடையாது, எதிர்ல மணல் லாரி. 2022ல மட்டும் இந்தியாவுல ரோட்டுல செத்தவங்க 1 லட்சத்து 68 ஆயிரம். இங்க துப்பாக்கியில செத்தவங்களைப் போல மூணு மடங்குக்கும் மேல.”

“நம்ம ஜனத்தொகை நாலு மடங்கும்மா. அதுவுமில்லாம அடிபட்டா 108 வருது. காசு கேக்கிறானா? முதல் 48 மணி நேரத்துக்குத் தமிழ்நாட்டு அரசாங்கமே செலவைப் பாக்குது.”

மகள் மறுக்கவில்லை. காலில் எலும்பு முறிந்து கிடந்தும், பில்லுக்குப் பயந்து, ஆம்புலன்ஸ் வேண்டாம் என்று நண்பரின் காரில் வந்த நோயாளியைப் பற்றிச் சொன்னார். மருமகன் விடவில்லை. குழாயைத் திறந்து அப்படியே தண்ணீர் குடிக்கிறோம், மின்சாரம் போவது அபூர்வம், பிறப்புச் சான்றிதழுக்கு யாருக்கும் பணம் கொடுத்ததில்லை என்று அடுக்கினார். ஒரு வயதுக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு இந்தியாவில் 25, இங்கே ஆறுக்கும் குறைவு என்று செல்போனைப் பார்த்துச் சொன்னார் சேலத்து இளைஞர்.

“கேரளாவைப் பாருங்க. அஞ்சு. அமெரிக்காவை விடக் கம்மி. எங்க வார்டுல இருக்கிற கோட்டயத்து சிஸ்டர் அதைச் சொல்லாத நாள் இல்ல” என்றார் வீட்டம்மா.

அதற்குப் பிறகு கோழி வெந்துவிட்டது. தட்டுகள் வந்தன. வழக்கு தீர்ப்பில்லாமல் கலைந்தது.

அன்று பேசாமல் இருந்த நான் என் தீர்ப்பை இங்கே எழுதுகிறேன். அங்கே பேசிய ஒவ்வொருவரும் உண்மையைத்தான் பேசினார்கள். ஆனால் ‘உன் நாடா, என் நாடா’ என்று பேசியதால் இரண்டு நாட்டுக்கும் பொதுவான நோய் கண்ணில் படாமல் போயிற்று. பாதுகாப்பைத் தனித்தனியாக விலை கொடுத்து வாங்குவதுதான் அந்த நோய். அமெரிக்காவில் அது பிஸ்டல். நம் ஊரில் அது கேன் தண்ணீர், இன்வெர்ட்டர், தனியார் பள்ளி, கண்ணாடிச் சில்லு பதித்த மதில். வசதி உள்ளவர் வாங்கிக்கொள்கிறார், இல்லாதவர் விதியே என்று இருக்கிறார்.

பிஸ்டல் இவற்றையெல்லாம் விடக் கொடியது. அடுத்த வீட்டுக்காரர் தடுப்பூசி போட்டுக்கொண்டால் என் குழந்தைக்கும் நல்லது. அடுத்த தெருவில் சாக்கடை மூடப்பட்டால் என் வீட்டிலும் கொசு குறையும். அடுத்தவர் துப்பாக்கி வாங்கினாலோ எனக்குப் பயம் கூடுகிறது, நானும் வாங்குகிறேன், என்னால் இன்னொருவருக்குப் பயம் கூடுகிறது. அந்தச் சேலத்து இளைஞரின் ‘நம்மகிட்ட மட்டும் இல்லன்னா எப்படி’ என்ற கேள்வியிலிருந்துதான் 39 கோடித் துப்பாக்கிகள் வந்தன.

இதை மாற்ற முடியும் என்று காட்டியதும் ஒரு பணக்கார நாடுதான். 1996இல் ஆஸ்திரேலியாவின் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். வலதுசாரிப் பிரதமரான ஜான் ஹோவர்டின் அரசு, வேகமாகச் சுடும் துப்பாக்கிகளைத் தடை செய்து, சுமார் 6.5 லட்சம் துப்பாக்கிகளை மக்களிடமிருந்து விலைக்கு வாங்கி அழித்தது. அங்கே உரிமம் கேட்பவர் தற்காப்பைக் காரணமாகச் சொல்ல முடியாது. வாங்கி அழிக்கும் செலவுக்காக அந்நாட்டு மக்கள் தங்கள் வருமானத்தில் 0.2 சதவீதத்தை ஒருமுறை கூடுதல் வரியாகக் கொடுத்தார்கள். எல்லோரும் சேர்ந்து வாங்கிய பாதுகாப்பு அது. கேரளத்தில் குழந்தை இறப்பு ஐந்தாகக் குறைந்ததும் அப்படித்தான். பெண்கள் படித்தார்கள், ஊருக்கு ஊர் சுகாதார நிலையம் வந்தது. அமெரிக்கரின் சராசரி வருமானம் இந்தியருடையதைப் போல முப்பது மடங்கு. அந்த முப்பது மடங்குப் பணம் ஒரு குழந்தைக்குப் பயமில்லாத வகுப்பறையை வாங்கித் தரவில்லை.

எனவே நாடுகளை ஒப்பிடும்போது சம்பளத்தைக் கேட்பதோடு நிறுத்த வேண்டாம். அங்கே ஏழையும் காசு கொடுக்காமல் பெறக்கூடிய பாதுகாப்பு எவ்வளவு என்று கேளுங்கள். அதுதான் வாழ்க்கைத் தரம்.

அமெரிக்காவில் வாழும் நம்மவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாங்கிவிட்டீர்கள் என்றால் துப்பாக்கியையும் தோட்டாவையும் தனித்தனியாகப் பூட்டி வையுங்கள். வீட்டில் யாராவது மனம் உடைந்திருந்தால், அந்த டெக்சாஸ் பெரியவர் செய்ததைப் போலத் துப்பாக்கியை வீட்டைவிட்டே அப்புறப்படுத்துங்கள். குழந்தையை விளையாட அனுப்பும் வீட்டில், ‘துப்பாக்கி இருக்கிறதா, பூட்டியிருக்கிறதா?’ என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.