கடின நீரும் மென்னீரும்

நெய்யாற்றின் கரையிலுள்ள எங்கள் அமரவிளையில், வெட்டுக்கல் நிலத்துக் கிணறுகளில் ஊறும் ஜலம் சுபாவத்திலேயே மென்மையானதாகையால், சோப்பு நுரைக்க மறுக்கும் தண்ணீரும் உலகில் உண்டென்பதைத் திருநெல்வேலிச் சீமையில் குடியேறிய உறவினர் வாயிலாகவே நம்மில் பலரும் அறிகிறோம். அங்கே 1949-இல் சிமெண்டு ஆலையொன்று தோன்றுமளவுக்குச் சுண்ணாம்புக்கல் மண்டிய தாழையூத்துப் பக்கத்துப் பூமியில், நிலத்தடி நீரில் கால்சியம் கரைந்து அது கடின நீராவது இயற்கையே.

அத்தகைய நீர் வரும் வீடுகளில் பொருத்தும், நீரை மென்மையாக்கும் கருவியிலுள்ள பிசின்மணிகள், கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பற்றிக்கொண்டு, அவற்றுக்கு ஈடாகச் சோடியத்தை விடுவிக்கின்றன. மணிகள் சக்தியிழந்தால் உப்புக்கரைசலால் கழுவிப் புதுப்பிக்கலாம். சோப்புச் செலவு குறைவதும், ஹீட்டர் கம்பியில் வெண்படிவு ஏறாமல் மின்சாரம் மிச்சப்படுவதும், குழாய்கள் அடைபடாமல் நெடுங்காலம் உழைப்பதும் இதன் மெய்யான பிரயோஜனங்கள். கூந்தல் உதிர்வதே நின்றுவிடும் என்ற விளம்பரத்தை மட்டும் நான் நம்பத் தயாரில்லை.

லிட்டருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மையை நீக்கும்போது ஏறக்குறைய 138 மில்லிகிராம் சோடியம் நீரில் சேருகிறதாகையால், இரத்த அழுத்தமுடையோர் வாழும் இல்லங்களில் குடிநீர்க் குழாயை இக்கருவியோடு இணைக்காதிருப்பதே உசிதம். வாங்குமுன் நீரைப் பரிசோதியுங்கள். இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஏற்கத்தக்கதென வகுத்த லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் கடினத்தன்மை இருக்குமாயின், இதற்கென்று பணம் செலவிட வேண்டாம்.