பந்தி மரியாதை

ஆடவர்க்குரிய நன்னடை யாது என்று இளைஞர் வினவும்பொழுது, நாம் பெரும்பாலும் உடையையும் கைகுலுக்கும் முறையையும் கரண்டி பிடிக்கும் விதத்தையுமே எடுத்துரைக்கின்றோம். யாழ்ப்பாணத்திலோ ஒருவனது மரியாதை சோதிக்கப்படும் இடம் பந்தியாகும். முதியோர் அமர்ந்தபின் அமர்தல், எல்லோர் இலையிலும் அன்னம் படைத்தபின் கைவைத்தல், பந்தி முடியுமுன் எழாதிருத்தல் என்பனவற்றை வீட்டிலே கற்றோம். ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்களும் தமது சைவ வினாவிடையிலே உண்ணும் முறையை வகுத்துரைத்தார்கள்.

இவற்றையெல்லாம் நன்கறிந்தவன் என்னும் செருக்கு எனக்கும் இருந்தது. 1962 ஆம் ஆண்டில், கொழும்பிலே எழுதுவினைஞனாயிருந்த நான், உறவினர் வீட்டுக் கலியாணத்துக்கு வந்தேன். கல்லூரியில் என்னோடு ஒரே வாங்கிலிருந்து கற்ற நண்பனொருவனும் வந்திருந்தான். பந்தியிலே அவனுக்கு இடமளிக்கப்படவில்லை. கோடிப்புறத்துக் கொட்டிலில் தனியே இலை போட்டார்கள். சாதியே காரணம். அவன் என்னைப் பார்த்தான். நான் என் இலையைப் பார்த்தேன்.

அப்பொழுது எம் பழைய ஆசிரியர், தமக்குப் போட்ட வெற்றிலையைக் கையிலெடுத்தாரல்லர். வாழையிலையையே கையிலெடுத்துக்கொண்டு எழுந்தார்.

“ஐயா, எங்கை போறியள்?” என்று வீட்டுக்காரர் பதறினார்.

“என்ரை மாணாக்கன் தனிய இருக்கிறான், அவனோடை இருந்து சாப்பிடப் போறன்.”

அவ்வளவே கூறிக் கொட்டிலிலே சென்றமர்ந்தார். அமர்ந்த பந்தியினின்று இடையில் எழுதல் குற்றமென எமக்குக் கற்பித்தவரும் அவரே.

அவர் வாலிப காங்கிரசின் காலத்தவர். 1924 இல் மாணவர் காங்கிரசாய்த் தோன்றிய அவ்வியக்கம், ஹண்டி பேரின்பநாயகம் முதலியோர் முன்னிற்க, சம ஆசனத்தையும் சம போசனத்தையும் வற்புறுத்தியது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இலேயே வந்துவிட்டது. ஆயினும் அது பொதுவிடங்களைப் பற்றியது. வீட்டுப் பந்தியிலே மனிதனே எழவேண்டியிருந்தது. நான் எழவில்லை.

பல்லாண்டுகளின்பின் நண்பனது இல்லஞ் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவன் மறுமொழி கூறாது எனக்கு இலை போட்டான். தன் இலையிலே சோறு ஆற, நான் கைவைக்குமளவும் காத்திருந்தான்.

இளைய அன்பர்களே, பந்தியில் அமருமுன் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். எவரேனும் இடமின்றி நிற்பாராயின், உங்கள் நன்னடை அங்கிருந்து தொடங்கட்டும்.